கோதண்டம் வேண்டாமென்ற மரம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மொட்டைமாடி ஒழுகலுக்காக ஒரு ஒப்பந்தக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி விடாமல் அடித்தது. குடியிருப்பைப் பராமரிக்கும் எங்கள் எஸ்டேட் அலுவலகத்தில் தபால் பிரிவைப் பார்க்கும் முனுசாமி. எதையும் சுற்றிவளைத்துச் சொல்ல அவருக்கு வராது.

“மேடம், நம்ம கோதண்டம் மேஸ்திரி பூட்டாரு. காலைல டீ குடிச்சிட்டு நெஞ்சு கரிக்குதுன்னாராம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போற வழியிலேயே முடிஞ்சிபோச்சி.”

ஒப்பந்தக்காரர் ஏதோ கேட்டார். “போய்யா, நாளைக்கு வா” என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மரங்களில் பாதிக்கு மேல் கோதண்டம் கைபட்டவை. பார்க்க முடியாமல் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

இந்தக் குடியிருப்பில் அவரை அறியாதவர்கள் கிடையாது. குடியிருப்போர் சங்க மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். எழுத எனக்கா பஞ்சம்? பதினேழு வருஷம் ஒரே அலுவலகம்; அவர் தோட்டப் பிரிவு மேஸ்திரி, நான் கட்டடப் பொறியாளர். சண்டை போடாத வாரம் கிடையாது. ஆனால் நல்லதை எழுதும்போதே கெட்டது ஒன்றையும் எழுதியாக வேண்டும். அவர் பேரில் ஒரு பழி இன்னும் நிற்கிறது. அது என்னுடைய பழி. அதை இறக்காமல் மாலை போட எனக்கு மனசு வரவில்லை.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்றிரண்டில். தென்காசிக்காரி. எங்கள் ஊரில் வேலிக்கு நட்ட குச்சிகூடத் துளிர்க்கும். இங்கே வந்து பார்த்தால் கிழக்கே கடல், காலுக்கடியில் மணல், மதியம் ஆனால் முகத்தில் உப்பு. என்னைப் போலவே இங்கே எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொருவர் மடியிலும் ஈரச் சாக்கு சுற்றிய ஒரு கன்று இருக்கும். நாகர்கோவில்காரர் பலா கொண்டுவருவார். கோத்தகிரிக்காரர் சில்வர் ஓக் கொண்டுவருவார். கும்பகோணத்து மாமி ஒருவர் செண்பகத்தை ரயிலில் தனி இடம் பிடித்து உட்காரவைத்தே கொண்டுவந்தார். வாசலில் நட்டு, ஆறு மாதம் கண்ணீர் விட்டு, பிறகு தோட்டப் பிரிவுக்கு வந்து சத்தம் போடுவார்கள்.

கோதண்டம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொல்வார்: “ஆளுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் போட்டா வந்து சேந்துடுவான் சார். மரத்துக்குப் போட்டா ஜாயின் பண்ணாது.”

அவர் திருப்போரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பயிர்செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஆனால் யார் கன்று கேட்டு வந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பார். “நெழலு வோணுமா, பூ வோணுமா, இல்ல உங்க ஊர் ஞாபகம் வோணுமா?” மூன்றாவது என்று பதில் வந்தால் அவரைத் திட்டி அனுப்பமாட்டார். கன்றை வாங்கி மேற்குப் பக்கம், இரண்டு மாடிக் கட்டடத்தின் மறைவில், செம்மண் கொட்டிய ஒரு மூலையில் நட்டுக்கொடுப்பார். அந்த மூலைக்கு நாங்கள் “டூரிஸ்ட் பங்களா” என்று பெயர் வைத்திருந்தோம். கும்பகோணத்து மாமியின் செண்பகம் அங்கே இன்னமும் பூக்கிறது.

ஆணி விவகாரம் உங்களில் பாதிப்பேருக்குத் தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூற்று நாலோ ஐந்தோ, ஒரு காலையில் எஸ்டேட் அலுவலகத்துக்குப் புகார்க் கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் பெரிய படிப்புப் படித்த விஞ்ஞானி. ‘எங்கள் வீட்டு எதிரே உள்ள விளக்குக் கம்பத்தில் சிவப்புக் கயிற்றில் ஐந்து ஆணிகள் மர்மமான முறையில் கட்டித் தொங்கவிடப்பட்டுள்ளன. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆயினும் என் மனைவி மூன்று நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உடனடியாக அகற்றவும்.’ அடுத்த நாள் இன்னும் நாலு கடிதம். தெருத்தெருவாக ஆணி தொங்குகிறது. யார் யாருக்குச் செய்வினை வைத்தார்கள் என்று கேன்டீன் முழுக்க ஒரே பேச்சு. பதவி உயர்வு கிடைக்காத இரண்டு பேரின் பெயர்கூட அடிபட்டது.

விசாரித்தால் நம் மேஸ்திரி. தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். “உப்புக்காத்து எவ்ளோ தூரம் உள்ள வருதுன்னு பாக்கறேன் மேடம். எந்த ஆணி சீக்கிரம் துரு ஏறுதோ அந்தத் தெருவுல காத்து ஜாஸ்தி. அதுக்குத் தோதா மரம் வெக்கணும்.”

“சிவப்புக் கயிறு எதுக்கு?”

“கடைல அந்த கலர்தான் இருந்துச்சி.”

நான் சிரித்த சிரிப்பில் மேசை மேலிருந்த தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. புகார் எழுதிய விஞ்ஞானியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! ஆனால் மனிதர் நல்லவர். மறுநாள் முதல் அவரே தம் வீட்டு ஆணியைத் தினமும் பார்த்துத் துரு எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் குறித்துக் கோதண்டத்திடம் கொடுக்க ஆரம்பித்தார்.

அந்த ஆணிகளை வைத்துக் கோதண்டம் குடியிருப்பை மூன்றாகப் பிரித்தார். கடலோரத் தெருவுக்குப் புன்னை, பூவரசு. நடுத் தெருக்களுக்குப் புங்கன், வேம்பு. மேற்கே உள்ளடங்கிய இடத்துக்கு நாவல், மகிழம், ஆசைப்பட்டவர்களுக்கு மா. பக்கத்துக் குடியிருப்பான அணுபுரத்திலிருந்துகூட ஆட்கள் வந்து, எங்கள் வீட்டுக்கு என்ன மரம் என்று அவரைக் கேட்டுப் போவார்கள். அவர் கன்று கொடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டுக் கொடியில் காயும் துணியைத் தொட்டுப் பார்ப்பார், ஜன்னல் கம்பியைச் சுரண்டிப் பார்ப்பார். வீட்டுக்காரர்கள் முழிப்பார்கள்.

இப்போது கிழக்குத் தெருவுக்கு வருகிறேன்.

தொண்ணூற்றாறில் மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி இரண்டு வருஷம் கழித்து வரப்போகிறார் என்று தகவல். கடலுக்கு எதிரே இருக்கும் கிழக்குத் தெருவை அழகுபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. என்னிடம் வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த ஒரு மரப் புத்தகம் இருந்தது. அதில் மயில்கொன்றை சாலையோரம் வரிசையாக நெருப்பாய்ப் பூத்து நின்ற படம். மே மாதத்தில் தெரு முழுக்கச் சிவப்பு; வருகிற அதிகாரி வாயைப் பிளக்கவேண்டும். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

கோதண்டம் படத்தை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஷோக்காத்தான் கீது மேடம். ஆனா கெழக்குத் தெருவுக்கு வோணாம். அந்தத் தெரு ஆணி ஒரே மாசத்துல பூசணம் புடிச்சா மாதிரி ஆயிடுச்சி. இத்தோட எல ரொம்ப மெலிசு, தாங்காது. கெளையும் சாஞ்சிக்கினு போவும், புயலுக்கு நிக்காது. புன்னை வெச்சிடலாம்.”

“புன்னை எப்ப வளர்ந்து எப்ப பூக்கிறது கோதண்டம்? நான் ரிட்டயர் ஆன பிறகா?”

“மெதுவாத்தான் வரும். ஆனா வரும்.”

“ஆணியை வச்சு மரம் பாக்கிறதெல்லாம் உங்க ஆளுங்ககிட்ட வச்சுக்குங்க. நான் பொறியியல் படிச்சவ.”

இதைச் சொன்னேன். சொன்னபோது பக்கத்தில் இரண்டு தோட்ட வேலையாட்கள் நின்றார்கள். கோதண்டம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எத்தினி கண்ணு மேடம்?” என்று மட்டும் கேட்டார்.

நாற்பத்தெட்டு கன்றுகள். வேண்டாம் என்று சொன்ன மரத்தை அவர் வளர்த்த அழகு இருக்கிறதே, தான் கேட்டு வாங்கிய மரமாக இருந்தாலும் அப்படி வளர்த்திருக்கமாட்டார். ஒவ்வொரு கன்றுக்கும் கடல் பக்கமாகப் பனையோலைத் தட்டி கட்டினார். குழியில் வண்டல் கொண்டுவந்து போட்டார். காலையும் மாலையும் தண்ணீர். மதியக் காற்றில் படிந்த உப்பை இலையிலிருந்து கழுவ, வாளியும் துணியுமாக ஆட்களோடு தெரு நெடுக நடப்பார். முதல் வருஷம் கன்றுகள் தளதளவென்று வந்தன. நான் அவரைக் கேலிகூடச் செய்தேன். “என்ன மேஸ்திரி, உங்க ஆணி என்ன சொல்லுது?” அவர் சிரித்துக்கொண்டார்.

இரண்டாம் வருஷம் மரங்கள் தட்டியைத் தாண்டி மேலே எழுந்தன. சித்திரை, வைகாசியில் தென்கிழக்குக் காற்று. ஒரு காலையில் போய்ப் பார்க்கிறேன்: நாற்பத்தெட்டும் தட்டி உயரம் வரைக்கும் பச்சை, அதற்கு மேலே கருகல். கத்தரிக்கோலால் வெட்டியதுபோல ஒரே மட்டம். பூ ஒன்றுகூட இல்லை. மிஞ்சியதைக் கார்த்திகைப் புயல் சாய்த்தது. அதிகாரி வரவு வேறு தள்ளிப்போயிற்று, அது தனிக் கதை.

மரங்கள் ஏன் பட்டன என்று மேலிடம் காரணம் கேட்டது. ஒரு பக்கக் குறிப்பு; என் கையெழுத்தில் போகவேண்டும். அந்த மாதம் என் பதவி உயர்வுக் கோப்பும் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது. ‘மரத் தேர்வில் பிழை’ என்று எழுதினால் தேர்ந்தெடுத்தது யார் என்ற கேள்வி வரும். நான் ‘நீர் பாய்ச்சுதலிலும் பராமரிப்பிலும் ஏற்பட்ட குறைபாடு’ என்று எழுதினேன். யார் பெயரையும் எழுதவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பராமரிப்பு என்றால் கோதண்டம் என்று இந்தக் குடியிருப்பில் பால்காரனுக்குக்கூடத் தெரியும்.

கோதண்டம் அதுவரை தினக்கூலி மேஸ்திரிதான். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு அதே சமயத்தில் மேலே போயிருந்தது. அந்தக் குறிப்புக்குப் பிறகு அது திரும்பி வந்துவிட்டது. ‘பராமரிப்பில் திருப்தியில்லை, பிறகு பரிசீலிக்கலாம்.’ அந்தப் ‘பிறகு’ வர இரண்டு வருஷம் ஆயிற்று. நிரந்தர ஊழியர்களின் பிள்ளைகளுக்குத்தான் குடியிருப்புப் பள்ளியில் இடம். அவர் மகள் தேவகி அந்த வருஷம் ஆறாம் வகுப்பில் சேரவேண்டும். சேர முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கேட்டபோது எட்டாம் வகுப்பில் இடமில்லை என்றார்கள். பள்ளிப் படிப்பு முடியும்வரை அந்தப் பெண் திருப்போரூருக்குக் கூட்டமான பேருந்தில் தொங்கிக்கொண்டு போய்வந்தாள்.

இது எனக்குத் தெரியாது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தெரியும். பேருந்து நிறுத்தத்தில் பையோடு அவளைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அப்போதே உட்கார்ந்து இன்னொரு குறிப்பு எழுதியிருக்கலாம். நாளைக்கு, அடுத்த மாதம் என்று தள்ளினேன். என் பதவி உயர்வு வந்தது. அதற்கு லட்டு வாங்கி அலுவலகம் முழுக்கக் கொடுத்தேன். கோதண்டம் ஒன்று எடுத்துக்கொண்டு, “நல்லா இருங்க மேடம்” என்றார்.

கிழக்குத் தெரு நாலு வருஷம் மொட்டையாகக் கிடந்தது. இரண்டாயிரத்து இரண்டில் மறுபடியும் மரம் வைக்க உத்தரவு வந்தபோது நான் தோட்டப் பிரிவுக் கொட்டகைக்குப் போனேன். அவர் புன்னை விதைகளின் ஓட்டைச் சின்னக் கல்லால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார். ஓடு கெட்டி, உடைக்காமல் போட்டால் முளைக்க மாதக்கணக்காகும். நான் எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். “கோதண்டம், அன்னிக்கு அந்தக் குறிப்புல...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் மேடம்” என்றார், கல்லைக் கீழே வைக்காமலே. “முனுசாமி அன்னிக்கே படிச்சிக் காட்டிட்டான்.”

அன்றைக்கே! நாலு வருஷமாக இந்த மனிதர் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார், என் மாமியாருக்கு முடக்கத்தான் கீரை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், என் லட்டைத் தின்றிருக்கிறார்.

“ஏன்யா என்னை ஒரு வார்த்தை கேக்கல?” என்று கத்தினேன். தப்பு செய்தவள் நான், கத்தியதும் நான்.

“கேட்டா நீங்க அழுவீங்க. எனக்குப் பேஜாரு.” பிறகு, “அத்த உடுங்க மேடம். மழைக்கு முன்ன குழி எடுக்கணும். ஆளு அனுப்புங்க” என்றார்.

அனுப்பினேன். இந்தத் தடவை மரத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கடல் பக்க வரிசையில் புன்னை, இடையிடையே பூவரசு. முதல் மூன்று வருஷம் குடியிருப்புக்காரர்கள் ‘மரம் வச்சீங்களா, செடி வச்சீங்களா’ என்று கிண்டல் செய்தார்கள். இப்போது அந்தத் தெருவில் ஆட்டோக்கள் நிழலில் நிற்கின்றன. சாயங்காலம் நடக்கப்போகிறவர்கள் உதிர்ந்த வெள்ளைப் பூவைக் கையில் வைத்து மோந்துகொண்டே வருகிறார்கள். தட்டி கட்டவில்லை, இலை கழுவவில்லை.

‘அத்த உடுங்க’ என்று அவர் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவரே விட்டுவிட்டார், எனக்கென்ன என்று. ஏழு வருஷம் அந்த ஒரு வார்த்தையை வைத்து நிம்மதியாகத் தூங்கினேன். எழுத்தில் எதையும் மாற்றவில்லை.

சமுதாயக் கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நீங்களும் இருந்திருப்பீர்கள். ஒரு நண்பர் அன்போடுதான் சொன்னார்: “கோதண்டம் கையால் பிழைக்காத மரம் இல்லை. அந்தக் கிழக்குத் தெரு மயில்கொன்றை ஒன்றுதான் அவருக்குத் தோல்வி. யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா?” எல்லாரும் மெல்லச் சிரித்தார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எழுந்திருக்கவில்லை.

காரியத்துக்கு முதல் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். தேவகி இப்போது அச்சரப்பாக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவள் அம்மா உள்ளே உறவுக்காரப் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். தேவகி எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். கூட்டத்தில் யார் யார் பேசினார்கள் என்று கேட்டாள். சொன்னேன், அந்த ஒரு பேச்சை மட்டும் விட்டுவிட்டு.

“அப்பாவுக்கு ஒரே ஒரு கொறை மேடம்” என்றாள். “வெளிய யார்கிட்டயும் சொன்னதில்ல. கெழக்குத் தெரு மரம் என் கையால செத்துச்சின்னு பேசிக்கிறாங்களே, நான் தண்ணி ஊத்தாமலா உட்டேன்னு கேப்பாரு. அந்தப் பேச்சு காதுல உழுந்தா அன்னிக்குச் சோறு எறங்காது. போன பொங்கலுக்குக்கூட யாரோ தமாஷா சொல்லிட்டாங்கன்னு பாதில எந்திரிச்சிட்டாரு.”

அவர் விட்டுவிடவில்லை. என் முன்னால் மட்டும் விட்டதுபோல் இருந்திருக்கிறார்.

தேவகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம், படம், இரண்டு ஆட்கள் முன்னால் நான் பேசிய பேச்சு, அந்தக் குறிப்பு, அவளுடைய பள்ளிக்கூடம். தலையைக் குனிந்துகொண்டேதான் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் கேட்டது வேறு.

“அப்பாவுக்கு இது தெரியுமா? நீங்கதான் எழுதினீங்கன்னு?”

“தெரியும்மா. அன்னிக்கே தெரியும்.”

“எங்ககிட்ட உங்க பேரைச் சொல்லவேயில்லயே மேடம்.” அவள் குரல் உடைந்தது. “ஆபீஸ்ல யாரோ தெரியாம எழுதிட்டாங்கன்னுதான் சொல்வாரு.”

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து செருப்பைத் தேடினேன். அவள் வாசல்வரை வந்தாள்.

“எழுதிக் குடுங்க” என்றாள். “எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படிச்சிக் காட்றேன்.”

கோதண்டத்திடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதி முடிக்கவேண்டும், அதுதான் முறை. அவருடைய நிதானம் எனக்கு வராது. அவருடைய கண்ணும் வராது. அவர் தம் வீட்டுக்குள்ளும் சொல்லாமல் பத்து வருஷத்துக்கு மேல் காப்பாற்றித் தந்த என் பெயர், அதுதான் அவர் எனக்குத் தந்தது. அதை இனிமேலும் நான் வைத்துக்கொள்ளக் கூடாது.

தேவகி, அம்மாவுக்கு இதை மட்டும் படித்துக் காட்டினால் போதும். கிழக்குத் தெருவுக்கு அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான், கோமதி. வேண்டாம் என்று சொன்னவர் உங்கள் வீட்டுக்காரர். அவர் ஒரு நாள்கூடத் தண்ணீர் ஊற்றாமல் விட்டதில்லை.